சதுர அடைப்பு

ஒத்துக்கொள்ளாத சொல்லைச்
சதுர அடைப்புக்குள் போடுவார்கள்.
போடுவது நான்.
ஜெனீவாவில் பத்தொன்பது வருடமாக இதே வேலை:
திரையில் பத்தி ஓடும்,
யாராவது ஒரு நாடு கை தூக்கும்,
என் சுண்டுவிரல் ஒரு விசையை அழுத்தும்,
சொல்லுக்கு இருபுறமும் சுவர் எழும்பிவிடும்.
எந்தக் கொத்தனாரும்
இத்தனை சுவர் எழுப்பியிருக்க மாட்டார்.

இன்றிரவு பதினான்காம் பத்தி.
“நான்கு ஆண்டுகளுக்குள்” உள்ளே.
“தீர்வையை நீக்கும்” அதுவும் உள்ளே.
“நீக்க முயலும்” பக்கத்து அறையில்.
“கருத்தில் கொண்டு” மட்டும்
காவலில்லாமல் வெளியே உலவுகிறது.
அதைக் கண்டு யாருக்கும் பயமில்லை.

மூன்றாம் வரிசையில் தகானே.
இன்றிரவு லெசோத்தோ என்றால் அவள் ஒருத்திதான்.
கீழ்த்தளத்தில் மீன் மானியம்,
எதிர்க் கட்டிடத்தில் கரிவரி,
எல்லாம் ஒரே நேரத்தில்.
மீனை விட்டுவிட்டாள், அவள் நாட்டுக்குக் கடல் இல்லை.
கரியை விட முடியாது.
மேல்கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடுவாள்.
திரும்பி வரும்வரை
கோட்டு அவளுக்காக உட்கார்ந்திருக்கும்.

மாசெருவில் அவள் நாத்தனார்
ஜீன்ஸ் கால்சட்டைக்குப் பின்பை தைக்கிறாள்.
நாளுக்கு எழுநூறு பை.
போன மாதம் எங்கோ ஒரு கையெழுத்து விழுந்தது,
அந்த ஆலையில் இரண்டு வரிசைக்கு
விளக்கை அணைத்தார்கள்.
இதைச் சபையில் தகானே சொல்லவில்லை.
காப்பி இயந்திரத்தின் முன்
சில்லறை தேடிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.
சபையில் சொன்னது:
“எங்கள் தூதுக்குழு கவலை கொள்கிறது.”

நடுவில் மின்னணுச் சரக்கைப் பற்றி ஒரு மணி நேரம்.
படம், விளையாட்டு, கணக்கெழுதும் செயலி
கம்பிவழி எல்லை தாண்டினால்
சுங்கச்சாவடியை எங்கே வைப்பது?
“கால்சட்டை துறைமுகத்தில் நிற்கிறது,
அதன் புகைப்படம் வரியில்லாமல் போகிறது”
என்றார் தலைவர் எலாதியோ, மான்டிவிடியோக்காரர்.
யாரும் சிரிக்கவில்லை.
அவரும் வேடிக்கைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

பெரிய நாட்டுக்காரர்கள் கெட்டவர்கள் என்றில்லை.
ஒருவர் என் முதுகுவலிக்கு மாத்திரை தந்தார்.
இன்னொருவர் அலைபேசியை மேசையில் வைத்துவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்:
தலைநகரம் விருந்துக்குப் போயிருக்கிறது,
வந்ததும் சொல்லும்.

மூன்று நாற்பதுக்கு என் விரல் தவறியது.
ஒரு காற்புள்ளியைச் சரிசெய்யப் போய்
பதினான்காம் பத்தியின் சுவரெல்லாம் உதிர்ந்தது.
முயலும் என்ற சொல்
முயலாகவே ஓடிவிட்டது.
திரையில் முழுசாக:
நான்கு ஆண்டுகளுக்குள் தீர்வையை நீக்கும்.
இரண்டு வருடம் எச்சமாய்த் தொங்கிய வாக்கியத்துக்கு
ஒரு முற்று.

யாரும் பார்க்கவில்லை.
ஒருவர் ஆரஞ்சு உரித்தார்.
மொழிபெயர்ப்புக் கூண்டில் ஒருத்தி
கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கினாள்.
தகானே பார்த்தாள்.
திரையை. பிறகு என்னை.
பேனாவை மூடினாள், சத்தம் வராமல்.

பதினோரு நிமிடம்
உலகம் ஒத்துக்கொண்டிருந்தது,
தனக்கே தெரியாமல்.

அப்புறம் சட்ட ஆலோசகர் மூக்குக்கண்ணாடியை மாற்றினார்.
மன்னிப்புக் கேட்டேன்.
இருந்த இடத்திலேயே சுவர் எழுப்பினேன்.
முயலைப் பிடித்து வந்து அதன் அறையில் விட்டேன்.
“அப்படியே இருந்திருந்தால்
யாருக்கு என்ன குறைந்திருக்கும்?”
எலாதியோ கேட்டது எந்த மொழியிலும் போய்ச் சேரவில்லை,
அவர் ஒலிவாங்கி அணைந்திருந்தது.

விடிந்ததும் அறிக்கை: பேச்சு தொடரும்.
செப்டம்பரில்.

என் கணினி தானாகவே சேமித்துக்கொள்ளும்.
முப்பத்தேழாம் படியில் அந்தப் பத்தி
சுவரில்லாமல் இருக்கிறது.
அழிக்க வேண்டும் என்பது விதி.
அழிக்கவில்லை.
தகானேயிடமும் சொல்லவில்லை,
சொன்னால் அவள் என்ன செய்ய முடியும்?

டிராம் நிறுத்தத்தில் அவள் எனக்கு முன்னால் நிற்கிறாள்,
கோட்டு இப்போதுதான் அவள்மேல்.
நான் சீட்டைத் தேடிப்
பின்பைக்குள் கைவிடுகிறேன்.
சீட்டு இல்லை.
விரலில் தையல் தட்டுப்படுகிறது,
இரட்டை ஓட்டம், மூலையில் ஒரு முடிச்சு.