குறிப்பில் ஏறாதது

வந்தோர் பதினேழு பேர்.
இடம், ஈசூன், எங்கள் புளோக்கின் வெற்றுத்தளம்.
போன வாரம் ஒரு சீனச் சாவுக்கு மேசை போட்டார்கள்,
அதற்கு முந்திய வாரம் ஒரு மலாய்க் கல்யாணத்துக்கு
அண்டா இறக்கினார்கள்.
அந்தக் கரிவட்டம் இன்னும் என் நாற்காலிக்குக் கீழே இருக்கிறது.
நேரம், இரவு எட்டு.
குறிப்பெடுத்தவன் நான்,
கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால்.

பொருள் ஒன்று.
ஒன்பதாம் மாடிப் பையனைக் கூட்டிப் போய்விட்டார்கள்.
வயது பதினாறு.
அவன் கைப்பேசியில் ஒரு வரைபடம் இருந்ததாம்,
ஒரு வழிபாட்டுக் கூடத்தின் மூன்று வாசல்களுக்கும்
சிவப்பில் வட்டம் போட்டிருந்தானாம்.
யாருடைய கூடம், இவன் எந்தச் சாமியைக் கும்பிட்டவன்
என்று கேட்டு இந்த வரியில் நிற்காதீர்கள்.
பதில் தெரிந்ததும்
உங்களில் பாதிப்பேருக்கு நிம்மதி வந்துவிடும்.

தலைவி நோர்ஹயாத்தி
சமையலறையிலிருந்து ஒரு மணியைக் கொண்டுவந்திருந்தார்.
முட்டை அவிக்க முடுக்கி வைப்பது, கோழி உருவம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
தலைவிக்கும் மூன்றுதான்.
"நம்பிக்கை என்பது" என்று அவர் குரல் ஏறும்போது
கோழி அடித்தது.
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.
நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்,
முற்றுப்புள்ளி இல்லாமல்.

பாதிரியார் டெஸ்மண்ட் சியா
எல்லாரும் சேர்ந்து ஒரு விருந்து வைக்கலாம் என்றார்.
தாவோ கோயில் பொருளாளர் கோ செங் ஹுவாட்,
"போன வருஷமும் கறிபஃப் தின்றோம், படம் எடுத்தோம்,
அப்போதும் அந்தப் பையன் மேலேதானே இருந்தான்?"
இமாம் ஒரு நிமிடம் பேசினார்.
மீதி இரண்டு நிமிடமும் தன்னுடையதுதான் என்பதுபோல்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.
கோழியின் டிக் டிக்.
எதிர் புளோக்கில் யாரோ
துணிக்கழியை உள்ளே இழுத்தார்கள்.

அப்புறம் குர்மீத் கௌர்,
ஆறு கூட்டங்களாக வாய் திறக்காதவர், கேட்டார்:
"அந்த அம்மாவை யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

மூன்று வாரமாயிற்று.
அவர் ஏறும் மின்தூக்கியில் வேறு யாரும் ஏறுவதில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை,
இரண்டு கையிலும் பையோடு அவர் விரைந்து வருவதைப் பார்த்து
கதவு மூடும் பொத்தானை அழுத்தியவன் நான்.
இரண்டு முறை.

போனால் அவன் பக்கம் என்று ஆகிவிடாதா என்றார் ஒருவர்.
போகாவிட்டால் யார் பக்கம் என்றார் இன்னொருவர்.
குரல்கள் தடித்தன. கோழி இரண்டு தடவை அடித்தும்
யாருக்கும் கேட்கவில்லை.
தலைவி தன் கருத்தைக் கடைசிவரை சொல்லவில்லை.
கையைத் தூக்கச் சொன்னார், எண்ணினார்,
சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினார்.
போகலாம், ஒன்பது.
வேண்டாம், ஏழு.
கை தூக்காதவன் ஒருவன்.
அவனுக்குப் பேனா பிடிக்க வேண்டியிருந்தது.

வேண்டாம் என்ற செங் ஹுவாட்தான்
முதலில் எழுந்து மின்தூக்கிக்கு நடந்தார்.
"ஓட்டில் தோற்றேன். குழுவைவிட்டுப் போகவில்லையே."

ஒன்பதாம் மாடி.
இரும்புக் கம்பிக் கதவு, உள்ளே மின்விசிறிச் சத்தம்,
கம்பிகளுக்கு நடுவே ஒரு முகம்.
தலைவி ஆரம்பிக்கும் முன்னே
அந்த அம்மா அத்தனை பேரையும் தாண்டி
என்னைப் பார்த்தார்.
"அன்றைக்கு மின்தூக்கியில், நீங்கள்தானே?"

கோழி கீழே மேசையில் கிடந்தது.
என் மூன்று நிமிடத்தை முடுக்க அங்கே ஆளில்லை.
ஆமாம் என்றேன்.

சாவி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனார்.
வெகுநேரமாயிற்று.
வருவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை,
ஒருவரும் கிளம்பவுமில்லை.
செங் ஹுவாட் மட்டும் சுவரில் சாய்ந்து
முழங்கால் வலிக்கிறது என்றார்.