நாற்பத்தோராம் பக்கம்

லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிர்க் கோப்பிக்கடையில்
தர்வின் என் புத்தகத்தை விரித்துவைத்தான்.
பக்கமெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள்,
வறுத்த பீஹூனின் எண்ணெய் விரல்.
"இங்க இவ வாயத் திறக்கிறா.
குமிழி இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல.
என்னக்கா சொல்றா?"

தெரிந்தால் எழுதியிருக்க மாட்டேனா.

கிளினிக் கவுண்டரில் டோக்கன் கொடுத்த நேரம் போக
ஆறு வருஷம் வரைந்தது.
மருந்தடிக்கிற கேங்கு. முதுகில் பம்பு.
இடது கையில் நகமில்லாத பவுனாயி
கிராணி மேசை முன்னால் நிற்கிறாள்.
மேசை மணியை வரைந்தேன்.
கிராணியின் பேனா மூடியில் பல் பதிந்த தடம்கூட வரைந்தேன்.
குமிழியும் வரைந்தேன், வால் அவள் உதட்டைத் தொடும்படி.
அதற்குள் மட்டும்
மூன்று மழைக்காலம் பேனா இறங்கவில்லை.
அப்படியே அச்சுக்குப் போயிற்று.
பொம்மைப் புத்தகம் என்று வாங்கிப் போனவர்கள்
பிள்ளைக்கு எட்டாத தட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

தர்வின் நல்லவன். பறக்க வைக்கவில்லை அவளை.
மிஸ்டர் லோதான் கோலாலம்பூரிலிருந்து போனில் கேட்டார்,
காமிக்ஸ் என்றால் யாராவது பறக்க வேண்டாமா என்று.
"நீங்க நிறுத்தலாம்க்கா, காகிதம்.
எனக்கு செக்கண்டுக்கு இருபத்துநாலு படம்.
ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வெள்ளையா விட்டிருக்கீங்களே,
அதுல நான் ஆள நடக்கவிடணும்."

அந்த வெள்ளையில்தான்
பவுனாயியின் இரண்டாவது பிள்ளையைப் புதைத்திருந்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நூலகப் பிரதியைக் கொண்டுவந்தான்.
குமிழிக்குள் பென்சில்.
"கை எரியுது ஐயா."
அதை அழித்து, வேறு கையெழுத்தில், "முழுச் சம்பளம்."
அதன்மேல் கிராணியின் தாயை இழுக்கும் ஒரு வார்த்தை,
எழுத்துப்பிழையோடு.
ஓரத்தில் மலாயில் "சாக்கிட்" என்று மட்டும்:
தமிழ் வாசிக்கத் தெரியாத யாரோ படம் பார்த்து எழுதியது.
"எத வைக்கிறது?"
தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்த இடத்தை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
"இதை."
"கேமராவுல வராதுக்கா."

பிரட்டுக் களம், விடியாத நாலரை.
லயத்துச் சனம் டவுன் பிளாட்டுக்குப் போய் இருபது வருஷம்.
வரிசைக்கு ஆள் இல்லை.
செம்பனை வெட்டுகிற வங்காளதேசத்து ஆட்கள் முப்பது பேர்,
நாளுக்கு எழுபது ரிங்கிட்,
எழுபத்தெட்டாம் வருஷத்துத் தமிழர்களாக.
எப்படி நிற்பது என்று சொல்ல தர்வின் மைக்கை எடுத்தான்.
நின்றிருந்தார்கள்.
என் பன்னிரண்டாம் பக்கம்,
ஒரு தோள் சரிவுகூட மாறாமல்.
முகங்களை நான் வரையாமல் விட்ட வரிசை அது.
ஆள் தெரியாதே என்று விட்டது.
இப்போது ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது, முகத்தில்.

நடிகை ஒட்டு நகங்களைப் பிய்த்து
டிஷ்யூவில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.
மேசை முன்னால் நின்றாள்.
வாயைத் திறந்தாள்.
யாரும் அவளுக்கு வசனம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.
மூன்று செக்கண்டு. நாலு.
வெளியே வரிசையில் யாரோ இருமினார்.
ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கினார், வீண் என்று.
தர்வின் கட் சொல்லவில்லை.
இன்னொரு இருமல், உள்ளிருந்து, பழசு.
நடிகை வாயை மூடிக்கொண்டாள்,
அவளே இருமியதுபோல.

இருமியவர் ஷஃபிகுல்.
பம்பு பொம்மைப் பம்பு, உள்ளே வெறும் தண்ணீர்.
மற்ற நாள்களில் அவர் சுமப்பது அதுவல்ல.
படத்தின் முடிவில் ஓடிய பெயர்களில் அவரைத் தேடினேன்.
வேகமாக ஓடின.
புத்தகமானால் விரல் வைத்து நிறுத்தியிருப்பேன்.

நூலகப் பிரதியைத் தாமதமாகத் திருப்பினேன்.
அபராதம் ஒரு ரிங்கிட் இருபது சென்.
பென்சிலையெல்லாம் அழித்துத் தரச் சொன்னாள் நூலகத்துப் பெண்,
அழிப்பானும் கொடுத்தாள்.
சரி என்று உட்கார்ந்தேன்.
கெட்ட வார்த்தையின் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு
எழுந்து வந்தேன்.