இரண்டாவது துளை

ட்ரியெஸ்டேவில் போரா வீசும் நாட்களில்
சில தெருக்களில் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
காற்று வாசல் வாசலாக வந்து
கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுப் போகும்.
யார் மேலும் அதற்குக் கோபமில்லை.
திறந்திருக்கிறதா, அவ்வளவுதான்.

நவம்பரில், கம்பெனி கொடுத்த மோடத்தை
லிவியோ பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினான்.
அதன் வைஃபை அணைந்தது. ஃபயர்வாலும் அணைந்தது.
வீட்டுக்குள் முகவரி பங்கிடும் உத்தியோகமும் போயிற்று.
நேற்றுவரை சுங்க அதிகாரி,
இன்று வெறும் பாலம்:
வருவதைக் கடத்தும், யாரென்று கேட்காது.
"இனிமேல் வாசல் நம்முடையது" என்றபடி
புது ரவுட்டரைப் பெட்டியிலிருந்து
இரண்டு கையாலும் தூக்கினான்,
பிரசவ ஆஸ்பத்திரியில் தூக்குவதைப் போல.

நான் காப்பீட்டுப் பத்திரங்களை மொழிபெயர்ப்பவள்.
ஸ்லோவேனியத்திலிருந்து இத்தாலியனுக்கு,
சில மாதம் தலைகீழாக.
'பூட்டப்படாத கதவின் வழியே நேர்ந்த இழப்புக்கு
நிறுவனம் பொறுப்பேற்காது'
என்ற வரியை நூறு முறையாவது எழுதியிருப்பேன்.
கமா எங்கே விழ வேண்டும் என்பதுதான் என் கவலை.

பிரிண்டர் வயர் ரவுட்டர் வரை எட்டவில்லை.
ஒரு சாண்தான் குறைந்தது.
மோடத்தின் முதுகில் ஒரு துளை காலியாக இருந்தது.
செருகினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
பச்சை எரிந்தால் யார் மேற்கொண்டு யோசிக்கிறார்கள்?

பதினோராவது இரவு, மூன்று மணி பத்து நிமிடம்.
பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு
ஒரு தாளைத் துப்பியது.
பிறகு இன்னொன்று.
பிறகு தட்டு காலியாகும் வரை.

ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரே ஒரு வரி:
மூன்று ஆங்கில எழுத்து, ஒரு சாய்கோடு,
பின்னால் ஏதோ எண்.
மீதி வெள்ளை.
அகராதியில் அந்தச் சொல்லுக்கு 'பெறு' என்றிருக்கும்.
குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்ற எனக்கு
'கொடு' என்றுதான் வாசிக்க வந்தது.
எதை என்று இல்லை.
யார் கேட்பது என்று இல்லை.
நாற்பத்தியிரண்டு தாளில் கொடு, கொடு, கொடு.

லிவியோ வந்தான். வயரை முகர்ந்து பார்ப்பவன் போல
மோடம் வரை தொடர்ந்து போனான்.
"நெரீனா, இது ரவுட்டருக்கு வெளியே இருக்கிறது."
அறைக்குள்தானே இருக்கிறது என்றேன்.
"அறைக்குள் இருக்கிறது. தெருவில் நிற்கிறது.
இதற்கென்று ஊருக்கெல்லாம் தெரிகிற முகவரி ஒன்று,
பதினோரு நாளாக."

அப்போதுதான் பிரிண்டரின் ஞாபகம் ஞாபகம் வந்தது.
அச்சடித்ததன் பெயரையெல்லாம் அது பட்டியல் வைத்திருக்கும்.
திருமதி விசிந்தினின் அறுவைச் சிகிச்சைக் கோரிக்கை.
கப்பல்காரர் ஒருவரின் இரண்டாம் உயில்.
யாராவது படித்தார்களா என்று சொல்ல எதுவும் இல்லை.
காற்று வந்துபோனதற்கு எங்கே ரசீது?

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
அவன் முந்திக்கொண்டான், ரொம்பத் தாழ்ந்த குரலில்:
ரவுட்டரின் கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லையாம்.
பெட்டியில் அச்சாகி வந்ததே இருக்கிறதாம்.
சந்தோஷத்தில் மறந்துவிட்டானாம்.
சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று
இருவருக்கும் வந்தது.

விடியும் வரை உட்கார்ந்து பூட்டினோம்.
கடவுச்சொல்லாக நான் சொன்னது ஒரு கெட்ட வார்த்தை,
இரண்டு மொழி கலந்து, இருபத்தொரு எழுத்து.
ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்து காட்டினான்.
மூன்று வினாடிக்கொரு தட்டல்,
தட்டியவர் பெயருக்குப் பதில் எண்கள்.
எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பதில்: மறுக்கப்பட்டது.
ஆறு யூரோவுக்கு மூன்று மீட்டர் வயர் வாங்கினோம்.
அந்தத் துளையின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது,
முழங்காலில் அடிபட்டால் ஒட்டுவது.

வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
பழகிய வரி தானாகவே விரலில் வந்தது.
அழித்தேன்.
இரண்டு மொழியிலும் எழுதியது இது:

இழப்பு நேர்ந்ததா, தெரியவில்லை.
கதவு திறந்திருந்தது.
திறந்தவள் நான்.