தொடக்கூடாத கல்

உப்புவெளி விடுதி வாசலில்
நாலரைக்கே வேனை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான் நிஸ்பர்.
பட்டியலில் ஐந்து பேர். ஏறியவர்கள் நால்வர்.
ஐந்தாவது ஆள் உள்ளே செருப்புத் தேடுகிறாள்.

நான் வழிகாட்டி.
கழுத்து அட்டையில் இருக்கும் முகம்
பதினொரு வருடம் இளையது.
கொழும்புத் தம்பதி ஏசியைக் கூட்டச் சொல்கிறார்கள்,
சந்தி தாண்டியதும் குறைக்கச் சொல்கிறார்கள்.
அட்டை கடிக்குமா என்கிறார் ஒல்லாந்துக்காரர்.
மாரிக்கு வாங்கோ, கடிக்கும் என்கிறேன்.

செருப்புக் கிடைத்தவள் பெயர் மரிசோல் பெச்.
ஊர் யுகத்தான்.
நான் விழிப்பதைப் பார்த்து
மெக்சிக்கோ என்று தானே திருத்திக்கொள்கிறாள்,
பலமுறை திருத்திப் பழகிய வேகத்தில்.

கன்னியாத் தெருவில் இன்னும் இருட்டு.
இரவின் சூடு மிச்சமிருக்கும் தாரில்
மாடுகள் படுத்து அசைபோடுகின்றன.
நிஸ்பர் ஹோன் அடிப்பதில்லை.
விளக்கை மட்டும் அணைத்து அணைத்துப் போடுகிறான்.
ஒவ்வொன்றாய் எழும்பி, கடன்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்து
ஒதுங்குகின்றன.

பெரியகுளத்துப் பக்கம் விடிகிறது.
வெல்கம் விகாரை. நாதனார் கோவில்.
இராசராசப் பெரும்பள்ளி.
ஒரே செங்கல் மேட்டுக்கு மூன்று பெயர்.
"பள்ளி என்றால் இங்கே பள்ளிக்கூடம் இல்லை" என்று தொடங்குகிறேன்.
"எங்கட பள்ளியும் இல்லையோ?" என்கிறான் நிஸ்பர்,
ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.
இல்லை, புத்தருக்குத் தமிழர் விளக்கேற்றிய பள்ளி.
விளக்குக்கு நெய், நெய்க்குப் பசு,
பசு தந்தவன் பெயர் கல்லில்.

"தமிழ்ப் பௌத்தர்களா? எங்கே போனார்கள்?"
கேட்டவர் ஒல்லாந்துக்காரர். யாராவது கேட்பார்கள்.
அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது:
காட்டைப் பார்ப்பேன்,
மூன்று மூச்சு விடுவேன்,
"மறைந்துவிட்டார்கள்."
அந்த மூன்று மூச்சுக்குத் தனியாகக் காசு விழுந்திருக்கிறது.

இன்று மரிசோல் சிரித்துவிட்டாள்.
மரியாதையில்லாத சிரிப்பு,
மரத்திலிருந்த கொக்கு ஒன்று இடம் மாறியது.

அவள் ஊரிலும் விடியப்புறம் பஸ் வருமாம்.
பிரமிட்டின் கீழே குடை பிடித்த வழிகாட்டி
மாயர்கள் மறைந்துவிட்டார்கள் என்பானாம்.
அதைக் கேட்டுக்கொண்டே
கூட்டத்துக்குத் தண்ணீர்ப்போத்தல் விற்பாளாம்
அவளுடைய அம்மா.
மீதிக்காசு எண்ணுவதும்
வழிகாட்டியைத் திட்டுவதும்
மாயமொழியில்.

நான் காட்டைப் பார்த்தேன்.
இம்முறை காசுக்கல்ல.
விடிய முழுகிப் பூசிய திருநீறு
வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியது.
எங்கே போனார்கள்?
கல்லடியில் வெறுங்காலோடு நிற்கிறேன், இது யாருடைய கால்?

"உனக்கு இதில் எத்தனை எழுத்துத் தெரியும்?"
கேட்டாள், கல்லைக் காட்டி.
பதினொரு வருடமாய் வாசித்துக் காட்டியிருக்கிறேன்,
உண்மையில் ஒப்பித்திருக்கிறேன்.
குனிந்து பார்த்தால்
ப இருந்தது. கூரையில்லாத வீடுபோல, இன்று எழுதும் அதே ப.
பிறகு ட.
பிறகு ர ஆக இருக்கலாம், அல்லது வெடிப்பு.
என் விரல் தானாகப் போனது.
"அல்லண்ட எப்பா!" என்றான் காவலாளி.
தொடவில்லை என்று அவன் மொழியில் சொல்லிவிட்டுக்
கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
"தொடு, தொடாவிட்டாலும் அது உன்னுடையது"
என்றெல்லாம் அவள் சொல்லவில்லை.
வாழைப்பழம் உரித்துப் பாதியைத் தந்தாள்.

திரும்பும் வழியில் கன்னியா, வெந்நீர் ஊற்று.
ஏழு கிணறு, ஏழு சூடு.
கொழும்புத் தம்பதி படம் எடுக்கிறார்கள்.
மரிசோல் வாளியை முக்கிக்
காலில் ஊற்றிக்கொண்டு
"ஹா" என்கிறாள்.

சுடுகிறதா என்று கேட்டேன்.
இல்லையாம், எங்கள் மொழியில்
தண்ணீருக்கு அதுதான் பெயராம்.
நானும் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன்,
ஏழாவது கிணற்றில்.
வாயில் வந்தது அதே சொல்.