மூணாம் நம்பர் கூண்டு

பாம்பனில் மூணாம் நம்பர் கூண்டு ஏற்றிய அன்று
வீட்டைப் பேய்வீடாக்கப் போவதாகச் சொன்னாள் ஜெனிலா.
ஹாலோவீனாம்.
கோஸ்ட் கார்டுக்காரர் மகள், கூடப் படிக்கிறவள், சொல்லித் தந்தாளாம்.
ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே மூன்று பேர் நெருக்கிப் படுக்கிறோம்,
பேயும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

படகு கரையில். டோக்கன் இல்லை.
நாலு நாளாய்ச் சும்மா இருக்கிறார் கிராசியுஸ்.
சும்மா இருக்கிற ஆம்பளை
வீட்டுக்குள் புகுந்த நண்டு,
எல்லாப் பக்கமும் ஓடும்.
"நூலாம்படை வேணும்ப்பா" என்றதுதான் தாமதம்,
கிழிந்த தங்கூசி வலையைத் தோளில் போட்டுவந்து
வாசலிலிருந்து அடுப்படி வரை இழுத்துக் கட்டினார்.
"இந்தக் கண்ணிக்கு எந்தப் பேயும் தப்பாது"
என்று முடிச்சை வேறு சோதித்துக்கொண்டார்.

பறங்கிக்காய் கிலோ நாற்பது.
வாங்கினால் குழம்புதான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.
அதனால் பேத்தை மீன்.
ஊதி, முள் விறைக்கக் காயவைத்தது நாலு கிடந்தது.
வயிற்றில் துளையிட்டு சீரியல் பல்ப் நுழைத்தாள்.
வெளிச்சம் வந்ததும்
விஷ மீனுக்கு அப்படியொரு பால்பல் சிரிப்பு.

நண்டுக் கம்பெனியிலிருந்து ஒரு சாக்கு ஓடு கொண்டுவந்தேன்.
"எதுக்குக்கா?" என்றான் சூப்பர்வைசர்.
"பேய்க்கு."
கழுவிக் கொண்டுபோகச் சொன்னான்.
பகலெல்லாம் சதை பிரித்த விரல்
அதே கொடுக்குகளைச் சன்னலில் கட்டும்போது
கொஞ்சம் கூசியது.

வெள்ளைச் சாரம் ஒன்று, கரியால் இரண்டு கண்.
எதிர்வீட்டு ரோஸ்லின் எட்டிப் பார்த்து
"அசிங்கமா இருக்குடி, பயமா இல்ல" என்றாள்.
தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்,
ஒருத்தரும் அலறவில்லை.
ஒருவன் பேயின் சாரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு
முறுக்கு இருக்கா என்றான்.
ஜெனிலாவுக்கு அழுகை முட்டியது.
இந்த ஊரைப் பயமுறுத்துவது லேசில்லடி
என்று சொல்ல வாயெடுத்தேன்,
கரண்டு போனது.

கல்லறைத் திருநாளுக்கு வாங்கிய மெழுகுவத்தியில்
நாலை எடுத்தோம்.
செத்தவர்களிடம் இரண்டு நாள் கடன்.

பத்தரைக்கு வந்தது போலீஸ்.
அவர்கள் கதவைத் தட்டுவதில்லை.
மஞ்சள் மூட்டை, பீடி இலை,
அக்கரைக்கு ஏதோ போகிறதென்று எவனாவது சொல்வான்,
டார்ச் எங்கள் அரிசிப் பானைக்குள் இறங்கும்.
ஜெனிலா கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.
நான் எதையும் தொடாமல் சுவரோடு நிற்பேன்,
தொட்டால் அதையும் திறக்கச் சொல்வார்கள்.

இந்த முறை வெளிச்சம் முதலில் சாரத்தின் மேல் விழுந்தது.
வாடைக்காற்று சாரத்தைத் தூக்கி அவர் முகத்தில் போட்டது.
"ஆத்தாடி!"
ஏட்டு முத்திருளாண்டி,
பெயரிலேயே இருட்டை வைத்திருக்கிறவர்,
பின்னால் பாய்ந்து, தங்கூசியில் கால் மாட்டி,
மிச்ச நண்டோட்டுச் சாக்கின்மேல்
சடசடவென்று உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை.
சிரித்தால் என்ன ஆகுமென்று எங்களுக்குத் தெரியும்.
கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குரல் மட்டும்:
"நெசமாவே பயந்துட்டீங்களா சார்?"

அவர் பேத்தையைப் பார்த்தார்.
அது மெழுகுவத்தியை விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தது.
"ஆமா பாப்பா."

வலையை அறுக்க விடவில்லை கிராசியுஸ்.
குனிந்து ஒவ்வொரு கண்ணியாய்க் கழற்றினார்,
சீலா மீனின் செவுளை எடுக்கிற அதே பொறுமையோடு.
தொப்பியைத் தட்டிக் கொடுத்தேன்.
அரிசிப் பானையை அன்றைக்கு யாரும் திறக்கவில்லை.

இரண்டாம் தேதி நாலு மெழுகுவத்தி குறைந்தது.
கொழுந்தன் கல்லில் பேத்தையை வைத்தோம்,
அவன் கோபிக்கிற ஆளில்லை.
கூண்டை இறக்கிவிட்டார்கள்.
வலையை உதறிச் சுருட்டும்போது
ஒரு காக்கிப் பொத்தான் உருண்டது.
ஜெனிலா எடுத்து வைத்திருக்கிறாள்,
அடுத்த வருஷத்துக்காம்.