கதவின் உட்பக்கம்

மினுக்கும் எண்ணெய் வேண்டாம் என்று
மூன்றாம் முறையாகச் சொல்கிறாள் லமாரா.
ஜும்பெர் காதில் விழாததுபோல்
சிகரெட்டைப் பற்றவைக்கிறான்.
ருஸ்தாவிச் சந்தையில் பிப்ரவரிக் காற்று
வரிசை வரிசையாய் நிற்கும் வண்டிகளின்
கண்ணாடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறது.
அமெரிக்காவில் எங்கோ ஒருமுறை மோதி,
போத்தியில் கப்பல் இறங்கி
இங்கே வந்து நிற்பவை.

இது சாம்பல் நிறம்.
முன்மூக்கு புதிது.
காற்றுப்பை வெடித்துக் கிழிந்த டேஷ்போர்டுக்குப் பதில்
வேறொரு செத்த வண்டியின் டேஷ்போர்டு.
அதன் கறுப்பும் கதவுகளின் கறுப்பும்
பேசிக்கொள்வதில்லை.
பேசவைப்பதற்குத்தான் இவளுக்குக் கூலி.

முதலில் தூசு.
ஈரத்துணியோடு ஆரம்பிக்கிறவன்
சேறு பூசுகிறான், அவ்வளவுதான்.
ஏசித் துவாரத்தின் இமைகளுக்கு
முகப்பூச்சுப் பிரஷ். அவளுடையதேதான்;
கடைசியாக அது கன்னத்தைத் தொட்டது
தங்கையின் கல்யாணத்தன்று.
பொத்தான் இடுக்குகளுக்குப் பல்குச்சி.
மருந்தைத் துணியில் தெளிக்க வேண்டும்,
வண்டியில் தெளிக்கக் கூடாது.
காட்டமானதாக இருந்தால் எழுத்தைத் தின்றுவிடும்.
போன வருடம் ஒரு ஹீட்டர் பொத்தானில்
காலுக்குச் சூடா முகத்துக்குச் சூடா என்று
யாருக்கும் தெரியாமலே போயிற்று.

இடுக்குகள் கொடுப்பதைத் தயிர் டப்பாவில் போடுகிறாள்:
பச்சைச் சாயம் பூசிய ஒட்டு நகம் ஒன்று,
கல்லாகிப்போன உருளைக்கிழங்குக் குச்சி,
ஒரு காசு,
மணல்.
மற்றதெல்லாம் தீர்ந்துவிடும்.
மணல் மட்டும்
தட்டத் தட்ட வரும்.

பின்கதவில், ஜன்னலுக்குச் சற்றுக் கீழே
துணி ஓடிக்கொண்டிருந்த விரல்
நின்றது.
சிறுசிறு குழிகள். பிறைபோல் வளைந்து.
ஐந்து, ஒரு சந்து, அப்புறம் ஆறாவது.
சந்து இருந்த இடத்தில்
பால்பல் விழுந்திருந்த காலம் அது.
எத்தனை மணி நேரப் பயணமோ,
பசியோ, கோபமோ, சும்மாவோ,
ஒரு பிள்ளை கதவைக் கடித்திருக்கிறது.

"ஹேர்டிரையர் காட்டு, எழும்பிவிடும்,"
என்கிறான் ஜும்பெர். "நாய் என்று நினைப்பான்."
"நாய்க்குப் பல் இப்படி வளையாது."
"நாய் கடித்தால் நூறு டாலர் குறைப்பான்."
"பிள்ளை கடித்தால்?"
ஜும்பெருக்கு அந்த விலை தெரியவில்லை.
சாம்பலைத் தட்டிவிட்டு
அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

காட்டினாள்.
பிளாஸ்டிக் மூச்சு வாங்கியதுபோல் மெல்ல உப்பி
ஒரு குழி மறைந்தது.
இன்னொன்று.
மூன்றாவது மங்கும்போது
சுவிட்சை அணைத்தாள்.
ஒயர் சூடாகிவிட்டது என்று
பின்னால் அவனிடம் சொன்னாள்.

பிறகு காப்புப் பூச்சு.
கொஞ்சமாய், துணியின் ஒரு மூலையில்,
இரண்டு தடவை, நடுவில் பத்து நிமிடம் விட்டு.
வெயில் வெளுக்காது, வெடிப்பு விடாது,
பகலில் முன்கண்ணாடியில்
தன் முகத்தையே காட்டி ஓட்டுபவன் கண்ணைக் குத்தாது.
குழிகளுக்குள்ளும் அது இறங்கியது.
எது பரப்பு, எது பழுது என்று
அதற்குத் தெரியாது.
இருப்பதை
இருக்கிறபடி காக்கும்.

நாலு மணிக்கு யெரெவானிலிருந்து ஓர் ஆள்,
பெயர் அர்த்தவாஸ்த்.
கம்பளத்தைத் தூக்கி மோந்தான்,
பெல்ட்டை முழுதாய் இழுத்து
வெள்ளத்தின் கறை தேடினான்,
டேஷ்போர்டைத் தடவி
"ஒரிஜினல்" என்று
மனைவியிடம் தலையாட்டினான்.
அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.
முழங்கை கதவில்,
விரல்கள் ஜன்னலுக்குக் கீழே
எதையோ எண்ணுவதுபோல் போய்வந்துகொண்டிருந்தன.
ஒன்றும் சொல்லவில்லை.
விலையும் குறையவில்லை.

லமாரா வாளியின் தண்ணீரை மாற்றினாள்.
அடுத்தது வெள்ளை வண்டி.
கதவைத் திறந்ததும் தெரிந்தது,
இதில் இருந்தது
நிஜமாகவே நாய்.