மூன்று முறை அழைத்தும்

தேவகோட்டை முன்சீப் கோர்ட்டு வராந்தாவில்
பதினேழு வருஷமாகப் பெயர்களைக் கத்துவது என் உத்தியோகம்.
சிவப்பு டவாலி, பித்தளை வில்லை,
தொண்டைக்கு இரண்டு மிளகு.

அருளப்பன் மகன் சூசைமாணிக்கம்
என்று முதல் தடவை கூப்பிட்டபோது
மரத்தடியில் சைக்கிள்கள்தான் நின்றன.
இரண்டாம் தடவைக்கு டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
மூன்றாவதை நான் முடிப்பதற்குள்
வாதி வக்கீல் எழுந்துவிட்டார்:
"எக்ஸ்பார்ட்டி ஆக்கிடலாம்மா."

சருகணிப் பக்கம் முப்பத்தெட்டு சென்ட் புஞ்சை,
பாதிக் கிணறு,
ஓடு சரிந்த ஒரு வீடு.
கேட்பவள் அவன் மதினி பிரகாசி.
சம்மனுக்குப் பயந்து ஒளிந்தவன் இல்லை அவன்.
தேவகோட்டை ரஸ்தாவில் ரயிலேறிப் போய்
மூச்சுக்கும் கணக்குப் பார்க்கிற உயரத்தில்
பனிமேடு ஒன்றைக் காத்துக்கொண்டிருக்கிறான்.
சம்மன் அங்கே போய்ச் சேர்ந்த நாளும்
இங்கே வாய்தா நாளும் ஒன்று.

பிறகு வந்தது அந்த உறை.
ஊதா முத்திரை, கமாண்டிங் ஆபீசர் கையெழுத்து,
ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்தது.
முன்சீப் அம்மா இரண்டு முறை படித்தார்.
வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமாம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து.
தன் சண்டைக்கு நம் ஆளை அனுப்பியவன்
போனவன் இல்லாத நேரத்தில் தீர்ப்பு விழக்கூடாதென்று
எழுதி வைத்துப் போயிருக்கிறான்.
நான் நம்பவில்லை. சிரஸ்தார் புத்தகத்தில் காட்டினார்.

"வராதவன் வேறு, வர முடியாதவன் வேறு"
என்று சொல்லி அம்மா
கட்டைத் தள்ளி வைத்தார்.

எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.
ஆனால் பிரகாசி படியிறங்காமல் நின்றாள்.
புருஷன் போய் மூன்று வருஷம்.
மகளுக்கு நர்சிங் பீஸ், இரண்டாம் தவணை.
சட்டம் அவனுக்குப் பிடித்த குடையிலிருந்து
சொட்டுவதெல்லாம் இவள் தலையில்.
அதை எந்தப் பக்கத்தில் காட்டுவார் சிரஸ்தார்?

வாய்தாவுக்கு வாய்தா வந்தாள்,
டிபன் டப்பாவும் பைல் கவருமாக.
ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.
நிறுத்தி வைத்த வழக்குதானே என்று
அந்த ஒரு பெயரை விழுங்கிவிட்டேன்.
அடுத்ததற்கு வாய் திறக்குமுன் வந்து மறித்தாள்:

"எங்க கொழுந்தன் பேரை ஏன் விட்டீக?
எங்க வீட்டுக்காரர் போனப்ப
ரேசன் கார்டுல அடிச்சாக, பேங்குல அடிச்சாக.
பங்கு கேக்குறது வேற.
கூப்பிடுங்க."

கூப்பிட்டேன்.
கேட் இருப்பது தெற்கே.
நான் வடக்கே திரும்பி நின்று கூப்பிட்டேன்,
ரெக்கார்டு ரூம் சுவரைப் பார்த்து,
கட்டிய தொண்டையோடு, மூன்று முறை.

ஆஜரில்லை என்று எழுத
குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.
"இருக்காக" என்றாள் பிரகாசி.

ஏட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
அடுத்த வாய்தா ஜூலை பதினொன்று.
அதற்குள் அங்கே பாதை திறக்கும்
என்று யாரோ சொன்னார்கள்.